அரைப்பேர்

ரத்தோட்டைக்கு மேலே
காளவாய்ப் புகை முடிகிற இடத்தில் தேயிலையும் முடிகிறது.
அதற்கு மேல் வெள்ளைக்கொம்பு.
வாரத்தில் ஆறு நாள், இடுப்பு நிமிர்த்தும்போதெல்லாம்
கண்ணில் படுவது அதுதான்.
ஏழாம் நாள் போனோம்.

நான், அடுத்த நிரை சந்தனமேரி,
சுண்ணாம்பு லொறியில் கிளீனராய்ப் போகிற இர்ஃபான்.
கயிறு இல்லை.
ஒரு போத்தல் பிளேன்டீ, மூன்று ரொட்டி, கட்டைச் சம்பல்,
அட்டைக்குப் பூச ஒரு துண்டு சவர்க்காரம்.

மானாப்புல் வரைக்கும் ஊர்க்கதை பேசினோம்.
பிறகு பேச்சு
“இங்க”
“இல்ல, அது ஆடுது”
“இடது கால், இடது”
என்று சுருங்கிப்போனது.

தூரத்தில்தான் அது வெள்ளை.
கிட்டே சாம்பல், கருப்பு, மழை வடிந்த கோடுகளில் துரு.
உடைந்த இடத்தில் மட்டும் சீனி.
கை வைத்தால் மணிமணியாய் உதிர்கிற
இனிக்காத சீனி.
மழை தின்றது போக மிஞ்சிய விளிம்பெல்லாம்
கவ்வாத்துக் கத்தி.
தீபாவளிக்குத் தீபாவளி லயத்துச் சுவரில் நாங்கள் அடிப்பது
இதைச் சுட்ட சாம்பலைத்தான்.

மேற்கு முதுகு ஓர் ஆள் அகலம்.
சில இடத்தில் அரை ஆள்.
வலப்பக்கம் பாறை.
இடப்பக்கம் காற்று, அதற்குக் கீழேயும் காற்று,
ரொம்பக் கீழே
ஒரு பருந்தின் முதுகு.

பருந்துக்கு முதுகு இருப்பதை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

என் காலடியிலிருந்து ஒரு கல் போனது.
விழுகிற சத்தத்துக்குக் காத்திருந்தேன்.
வரவில்லை.
வலது முழங்கால் தானாக ஆடத் தொடங்கியது
ஃபெக்டரிச் சல்லடை மாதிரி.

தினமும் தராசில் எனக்குக் கழிவு உண்டு.
சாக்குக்கு இரண்டு கிலோ, தண்ணிக்கு ஒன்று,
எதற்கென்று சொல்லாமல் இன்னும் ஒன்று.
இங்கே நாற்பத்தேழு கிலோவும்
எட்டு விரலில் தொங்கியது.
கழிக்க ஒருவரும் இல்லை.
இவ்வளவு கனமா நான்
என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.
கொஞ்சம் பெருமையாகக்கூட.

இர்ஃபான் என்னவோ சொன்னான், காற்று கொண்டுபோனது.
மேலேயிருந்து சந்தனமேரியின் தலை எட்டிப் பார்த்தது.
“அதுலயே நின்னா அரைப்பேர்தான்டி போடுவாங்க!”

சிரிப்பு வயிற்றில் பிடித்து
தொடைக்கு இறங்கி
முழங்காலை விட்டது.
கொழுந்துக்குப் போகிற மாதிரி கை போனது,
கிள்ளாமல் நின்றது.
ஒரு கால். அடுத்த கை.
மார்பில் பாறை, வாயில் பாறை.
அப்புறம் பாறை இல்லை.

உச்சி ஒரு பாயளவு.
வெளுத்த நத்தை ஓடுகள், ஒரு பியர் மூடி,
நான்கு கோடு சிக்னல்.
உடனே ஃபோன் கிணுங்கியது:
தவணை, செவ்வாய்க்கு முன்.
சந்தனமேரிக்கும் அதே கம்பனி, அதே செய்தி.
இர்ஃபான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே
“இங்கயும் ஏறி வந்துட்டானா” என்றான்.

எங்கள் லயத்தைத் தேடினேன்.
எல்லாத் தகரமும் ஒரே மாதிரி மின்னியது.
காளவாயிலிருந்து ஒவ்வொரு கூரையாய் எண்ணிக்கொண்டு வந்தேன்.
ஏழில் மேகம் மூடிவிட்டது.

இறக்கத்தைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை.
ஏறும்போது கண் தேடும்,
இறங்கும்போது கால்தான் தேட வேண்டும்,
காலுக்கோ கண் இல்லை.
ஏறியதைப் போல இரண்டு மடங்கு நேரம்.
பாதி வழி குந்தியபடி, உரசிக்கொண்டு,
சட்டையும் பின்பக்கமும் சுண்ணாம்பாய்.

திங்கட்கிழமை
உரிந்த விரல் நுனிகளில்
கொழுந்துச் சாறு எரிந்தது.
நாலு மணிக்குத் தராசு.
கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்தார், கழித்தார், எழுதினார்.
“பதினாலு. அரைப்பேர்.”

நிரையில் எனக்குப் பின்னால் சந்தனமேரி நின்றாள்.
திரும்பவில்லை நான்.
திரும்பியிருந்தால்
அங்கேயே வெடித்திருப்போம்.